எடையைப் பார்த்து வயசு சொல்லலாமா?

2015 டிசம்பரில் சீனாவின் சோங்சிங் பகுதியில், ஒரு குகையில் ராட்சத சாலமாண்டர் ஒன்று கிடைத்தது. நீளம் 1.4 மீட்டர், எடை 52 கிலோ. "வயது 200 இருக்கலாம்" என்ற செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. இங்கேதான் எனக்கு உதைக்குது. நீளமும் எடையும் வயசுக்குச் சாட்சியாகுமா?

ஆகாது. சாலமாண்டர் இனப்பெருக்கப் பருவம் வரைதான் வேகமா வளரும். அப்புறம் தின்பதில் பெரும்பகுதி முட்டைக்கும் இணைசேர்வதற்கும் போயிடும், வளர்ச்சி படுத்துடும். ஆகவே வளர்ந்த ஒன்றின் உருவம் சொல்வது, அது எத்தனை வருஷம் கழித்துப் பருவமடைந்தது, அதுவரை எப்படித் தின்றது என்பதைத்தான். ஹாலிடேவும் வெரலும் 1988-லேயே இதை விரிவாக அலசிவிட்டார்கள்.

வயசு வேணும்னா எலும்பைப் பார்க்கணும். விரல் எலும்பை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றினால், குளிர்காலத்தில் வளர்ச்சி நின்ற கோடுகள் மரவளையம் போலத் தெரியும். இதிலும் சிக்கல் உண்டு: உள்பக்கக் கோடுகள் சில கரைந்துபோகும், வெளிக்கோடுகள் நெருக்கியடிக்கும்.

இப்போ எதிர்முனைக்கு வருவோம். ஐரோப்பியக் குகைகளில் வாழும் ஓல்ம் 20 கிராம்கூடத் தேறாது. பிரான்ஸின் மூலிஸ் குகை ஆய்வகத்தில் 1950-களிலிருந்து வளர்க்கிறார்கள். அந்தப் பதிவுகளை வைத்து 2010-இல் வந்த கட்டுரை சொல்வது: பருவமடைவது சுமார் 15 வயதில், முட்டையிடுவது ஏறத்தாழ 12 வருஷத்துக்கு ஒருமுறை, அதிகபட்ச ஆயுள் 100-க்கு மேல்.

அந்த நூறையும் அப்படியே விழுங்க நான் தயாரில்லை. பதிவேடே அப்போது அறுபது வருஷத்தைத் தொடவில்லை. நூறு என்பது கண்டது அல்ல, கணித்தது. ஆனால் கணக்கை மேஜைமேல் வைத்திருக்கிறார்கள். நாம் சண்டை போடலாம். அந்த 200-உடன் சண்டை போட எந்தக் கணக்கும் இல்லை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? சாலமாண்டர்களுக்குத்தான். ஓர் ஓடையில் அளந்ததெல்லாம் பெரிசா இருந்தால், "நல்லா கொழுத்திருக்கு, கவலையில்லை" என்று தோன்றும். பத்து வருஷமா புதுசா ஒரு குட்டிகூடத் தேறாத ஓடையும் அப்படித்தான் இருக்கும். கிழங்கள் மட்டும் மிஞ்சியிருப்பதை அளவுகோல் காட்டாது. நமக்குத் தெரியவரும்போது ஓடை காலியாகியிருக்கும்.