மீன்தொட்டிக்கு ஒரு கலிங்கு

சம்ப் என்றதும் தமிழ்நாட்டு வீடுகளில் நினைவுக்கு வருவது வாசலுக்கடியில் மூடிபோட்டுக் கிடக்கும் தண்ணீர்த் தொட்டி. பெரிய மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் அதே பெயரை, தொட்டியின் ஸ்டாண்டுக்குள் மறைந்திருக்கும் இரண்டாவது கண்ணாடித் தொட்டிக்கு வைத்திருக்கிறார்கள். மேல்தொட்டியில் வழியும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கும். கீழ்த்தொட்டியின் அறைகளில் கசடு நீங்கும். பிறகு தண்ணீர் பாக்டீரியா குடியிருக்கும் பொருள்களுக்கு ஊடே நடந்து, கடைசி அறையிலிருந்து ஒரு பம்ப்பால் மேலே ஏறும். இந்த அமைப்பில் அசையும் உறுப்பு அந்தப் பம்ப் ஒன்றுதான். மற்ற வேலை முழுவதும் தண்ணீர் தன் எடையால் தானே செய்துகொள்வது.

கடையில் விற்கும் ஃபில்டர் பெட்டிகள் பொதுவான அளவுகளுக்குச் செய்யப்பட்டவை. சம்ப் அப்படிப் பொதுவாகச் செய்யக்கூடியது அல்ல. தொட்டியின் நீளம், ஸ்டாண்டுக்குள் இருக்கும் இடம், ஊரின் தண்ணீர், ஊரின் கரண்ட் எல்லாவற்றுக்கும் ஏற்ப அது அமைய வேண்டும். அதனால்தான் நல்ல சம்ப்புகள் பெரும்பாலும் வீட்டில் செய்தவையாக இருக்கின்றன. அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் போன்ற ஒரு கிராமத்தில், சென்னை கொளத்தூரில் வாங்கிய மீன்களைக் கொண்டுவந்து ஆறடித் தொட்டியில் விடுபவருக்கு உதவக்கூடிய அறிவு பக்கத்து ஏரிக்கரையிலேயே இருக்கிறது. இதே மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரமும், முதலாம் இராசேந்திரன் வெட்டிய சோழகங்கமும் உள்ளன. நிரம்பிய தண்ணீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கலிங்கு, வேண்டிய அளவு திறந்துவிட மதகு, வண்டல் தங்காமல் போகத் தூம்பு என்று தண்ணீரின் குணமறிந்து கட்டிய ஊர்கள் இவை. சம்ப்பின் உறுப்புகளை விளக்க வேறு சொற்களைத் தேட வேண்டியதில்லை.

முதலில் அளவு. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டி 24 கன அடி, அதாவது ஏறக்குறைய 680 லிட்டர் கொள்ளும். அதன் ஸ்டாண்டுக்குள் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சம்ப் வசதியாக நுழையும். அது 255 லிட்டர். இந்த இரண்டு தொட்டிகளுக்கும் இடையில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. மேல்தொட்டியின் பரப்பு 12 சதுர அடி, சம்ப்பின் பரப்பு 6 சதுர அடி. மேலே ஓர் அங்குலம் இறங்கினால் கீழே இரண்டு அங்குலம் ஏறும். சம்ப் செய்பவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய கணக்கு இது. மற்ற முடிவுகள் பலவும் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

அடுத்து வழியும் விளிம்பு. மேல்தொட்டியின் பின்பக்கத்தில் கண்ணாடியால் ஒரு பெட்டி ஒட்டப்படுகிறது. அதன் மேல் விளிம்பே இந்தத் தொட்டியின் கலிங்கு. கடைகளில் இதை மூலையில் ஒடுக்கமாக, ஆறங்குல நீளத்தில் செய்து கொடுப்பது வழக்கம். நீளமான விளிம்பு எவ்வளவு மேலானது என்பது தண்ணீர் ஓடும்போது தெரியும். மணிக்கு 4000 லிட்டர் ஓட்டத்தில், ஆறங்குல விளிம்பின் மேல் தண்ணீர் இரண்டரை சென்டிமீட்டர் தடிப்பில் குவிந்து வழியும். அதே ஓட்டம் இரண்டடி விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் தடிப்புத்தான். கண்ணாடி மேல் கண்ணாடி போர்த்தியதுபோல மெல்லிய ஏடாக, சத்தமில்லாமல் மடிந்து இறங்கும். தண்ணீரின் மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் படலமும் புரதப் படலமும் அந்த ஏட்டோடு இழுபட்டுப் போகும். கனத்து வழியும் ஓட்டம் அவற்றை அவ்வளவு சுத்தமாக எடுப்பதில்லை. ஏரிக்கலிங்குகளை நீளமாகக் கட்டியதற்கும் தண்ணீர் இப்படி மெல்லியதாக வழிவதே காரணம். கலிங்கு நீண்டால், வெள்ளம் வந்தாலும் அதன் தலைக்கு மேல் தண்ணீர் அதிகம் உயராது, கரை பிழைக்கும். குஞ்சுமீன்கள் இருக்கும் தொட்டியில் விளிம்பைச் சீப்புப்போல வெட்டுகிறார்கள். பற்கள் நீளத்தில் பாதியைத் தின்றுவிடுவதால், அப்போது விளிம்பை இன்னும் நீட்டிக்கொள்வது நல்லது.

பெட்டியிலிருந்து கீழிறங்கும் குழாயில்தான் சத்தம் பிறக்கிறது. தண்ணீர் இறங்கும்போது காற்றையும் சேர்த்து இழுத்தால், வாஷ்பேசின் காலியாகும் கடைசி நொடியின் ‘களக் களக்’ இரவு பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கும். இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. குழாயின் தலையில் ஒரு டீ மாட்டி, அதன் வாயை எல்போவால் தண்ணீருக்குள் கவிழ்த்து, மேல் மூடியில் சிறு காற்றுத்துளை போடுவது ஒன்று. இரண்டாவது வழியில் குழாய் முழுக்கத் தண்ணீரால் நிரம்பி சைபனாக ஓடும்; கீழே ஒரு கேட் வால்வால் ஓட்டத்தைப் பம்ப்பின் அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். பால் வால்வு கால் திருகில் முழுக்கத் திறந்துவிடுவதால் இந்த நுண்ணிய வேலைக்கு ஒத்துவராது. இரண்டாவது முறை அமைதியில் நிகரற்றது. ஆனால் அடைப்பு வந்தால் தப்ப வழியில்லை. ஆகவே சற்று உயரத்தில், எப்போதும் வறண்டே நிற்கும் இன்னொரு குழாய் கட்டாயம் வேண்டும். குழாயின் விட்டத்தில் கஞ்சத்தனம் கூடாது. இந்த அளவுத் தொட்டிக்கு ஒன்றரை அங்குலம் ஏற்றது.

சம்ப்பின் முதல் அறை கசடு சேரும் இடம். குழாயின் வாயில் கட்டிய துணிப்பையோ, அடுக்கிய ஸ்பாஞ்சோ எச்சத்தையும் மீந்த தீனியையும் பிடிக்கும். இந்த அறையில் பலரும் செய்யாத ஒரு காரியம் உண்டு. பழைய குமிழித்தூம்புகளில் தண்ணீர் நுழைய மேலே நீரோடித் துளையும், வண்டல் வெளியேற அடியில் சேறோடித் துளையும் வைத்தார்கள். பாசனத்துக்குத் தண்ணீர் போகும்போதே ஏரியின் சேறும் கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்குப் போய்விடும். சம்ப்பின் முதல் அறையின் அடியிலும் ஒரு துளையிட்டு, டேங்க் நிப்பிளும் பால் வால்வும் பொருத்தினால் அது சேறோடியாகிவிடும். வாரம் ஒருமுறை வால்வைத் திறந்தால் அடியில் தங்கிய பழுப்புக் குழம்பு வாளிக்குள் இறங்கிவிடும். கையை விட்டுக் கலக்க வேண்டியதில்லை. அந்த வாளித் தண்ணீர் தென்னைக்கும் வாழைக்கும் நல்ல உரம்.

அறைகளைப் பிரிக்கும் தடுப்புக் கண்ணாடிகள் மூன்றும் சேர்ந்து தண்ணீரை மேலே, கீழே, மறுபடி மேலே என்று நடத்துகின்றன. குழாயோடு இறங்கிய காற்றுக் குமிழ்கள் இந்த ஏற்ற இறக்கத்தில் பிரிந்து மேலே வந்துவிடும். பம்ப் அவற்றை இழுத்துத் தொட்டிக்குள் பால்போலக் கலக்கிவிடாது. தடுப்புகளுக்கிடையே ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை இடைவெளி போதும். ஒட்டுவதற்குப் பூஞ்சைக்கொல்லி கலக்காத, புளித்த காடி வாசனை வீசும் சிலிகானே ஏற்றது. அந்த வாசனை முற்றிலும் போகும்வரை, அநேகமாக ஒரு வாரம், தண்ணீர் ஊற்றாமல் பொறுத்திருக்க வேண்டும்.

நடு அறைதான் சம்ப்பின் உயிர். மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகின்றன. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கும். நைட்ரோஸ்பைரா நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இந்த உயிர்கள் தண்ணீரில் மிதந்து வேலை செய்வதைவிட, பரப்புகளில் ஒட்டிப் படலமாக வாழ்வதையே விரும்புகின்றன. இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் 1890களில் கழிவுநீரைக் கற்குவியல் மேல் சொட்டவிட்டுச் சுத்திகரித்த முறைக்கு ஆதாரம் இந்தக் குணமே. அதற்குத் தேவை நிறைய பரப்பும் நிறைய காற்றும். செராமிக் வளையங்கள் நல்லவை, விலையும் அதற்கேற்ப. உடைத்த செங்கல்லைக் கழுவிப் போடலாம். பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார்ப்பந்துகள் மலிவானவை, எளிதில் அடைத்துக்கொள்ளாதவை, வியக்கத்தக்க பரப்புடையவை. கம்பி நார் மட்டும் ஆகாது. நார்ப்பந்துகளைத் துளையிட்ட தட்டின் கீழ் அடுக்கி, தண்ணீர் மழைபோல அவற்றின் மேல் சொட்டும்படி வைத்தால் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும். கோடையில் இது பெரிய வரம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றப் பாக்டீரியாவுக்கு நான்கரை மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும்.

அதே ஒரு மில்லிகிராமுக்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில், ஏழு மில்லிகிராம் காரத்தன்மையும் செலவாகிறது. மென்மையான தண்ணீரில் இந்தச் செலவைத் தாங்க இருப்பு இல்லை. நாளடைவில் தண்ணீர் புளித்து, பாக்டீரியாவே சோர்ந்துவிடும். அரியலூர்ப் பகுதியின் மண் இங்கே துணைக்கு வருகிறது. கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியாக இருந்த இடம் அது. சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் இன்றும் கிடைக்கின்றன. அந்தக் கல்லினூடே ஊறிவரும் தண்ணீர் கடினமானது. சமையல் பாத்திரத்தில் வெள்ளைப் படிவத்தை விட்டு வீட்டாரை எரிச்சலூட்டும் அதே உப்பு, சம்ப்புக்குள் சேமிப்பாக நிற்கிறது. மலாவி ஏரியின் சிக்லிட் மீன்கள் இத்தகைய தண்ணீரில் நிறம் கூடி மிளிரும். ஒவ்வொரு கிணற்றுக்கும் குணம் மாறும் என்பதால் பி.எச். அளவையும் கடினத்தன்மையையும் முதலில் சோதித்துக்கொள்வது முறை. கடினத் தண்ணீரில் பி.எச். கூடுதலாக இருப்பது வழக்கம் என்பதால் ஓர் ஆபத்தும் உண்டு. பி.எச். 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால், 28 டிகிரி வெப்பத்தில், அது நூற்றில் ஆறு, ஏழு பங்காகிவிடும். காரத் தண்ணீரில் மீன் வளர்ப்பவர் நடு அறையைத் தாராளமாக அமைப்பதற்கு இது போதுமான காரணம்.

கடைசி அறை பம்ப்புக்கு. தொட்டியின் தண்ணீர் மணிக்கு ஆறுமுறை சுற்றிவந்தால் நிறைவு. இந்தத் தொட்டிக்கு அது 4000 லிட்டர். அட்டையில் 6000 லிட்டர், 4 மீட்டர் என்று போட்ட பம்ப், ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஏற்றும்போது ஏறக்குறைய அந்த 4000தான் தரும். 50 வாட் பம்ப் இரவு பகல் ஓடினால் நாளுக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் 100 யூனிட் இலவசமாகத் தரும் தமிழ்நாட்டில், அந்த இலவசத்தின் பெரும்பகுதியை இந்த ஒரு பம்ப்பே எடுத்துக்கொள்ளும். எனவே மின்சாரம் குறைவாக இழுக்கும் டிசி பம்ப் விலை கூடினாலும் நாளடைவில் லாபமே. இந்த அறையைச் சிறியதாக வைக்க வேண்டும். வழியும் குழாய் எப்போதாவது முழுக்க அடைத்துக்கொண்டால், பம்ப் தன் அறையில் உள்ள தண்ணீரை மட்டுமே மேலேற்ற முடியும். 10 அங்குல நீளத்தில், 8 அங்குலத் தண்ணீருள்ள அறை 24 லிட்டருக்கும் குறைவு. மேல்தொட்டியை அது இரண்டு சென்டிமீட்டர்தான் உயர்த்தும். அந்த இரண்டு சென்டிமீட்டர் இடம் மேலே எப்போதும் இருக்க வேண்டும்.

மீன் விடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. சம்ப்பைச் செய்தவரின் கைத்திறன் அதில்தான் வெளிப்படும். தொட்டி முழு ஓட்டத்தில் இருக்கும்போது சுவிட்சை அணைத்துவிட வேண்டும். பம்ப்பின் ரீங்காரம் நிற்கிறது. விளிம்பின் மேலிருந்த ஒரு சென்டிமீட்டர் ஏடு மெல்ல மெலிந்து, நூலாகி, அறுகிறது. அதே சமயம் மேலேற்றும் குழாய் எதிர்த்திசையில் சைபனாகித் தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கத் தொடங்குகிறது. அந்தக் குழாயில், நீர்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே ஒரு சிறு துளை இருந்தால், நீர்மட்டம் அதைத் தொட்டதும் ‘சுர்’ என்று காற்று புகுந்து சைபன் முறிந்துவிடும். மேலே இறங்கியது 14 லிட்டர். பெட்டியிலும் குழாயிலும் இருந்ததைச் சேர்த்தால் 25. சம்ப்பில் நாலரை சென்டிமீட்டர் ஏற்றம். துளை போட மறந்து, குழாயின் வாய் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 110 லிட்டருக்கு மேல் இறங்கும். ஒன்றரை அடி உயரச் சம்ப்பில் ஓரடித் தண்ணீர் ஏற்கெனவே நிற்கும் நிலையில், இருபத்தைந்து லிட்டருக்கு மேல் தரையில்தான் நிற்கும். நான்-ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்புவது தவறு. ஒரு நத்தையோ பாசித்துணுக்கோ அதன் மூடியை முழுதாக மூடவிடாமல் செய்துவிடும். துளையும் பாசியால் மூடிக்கொள்ளக்கூடியதே. ஆனால் அது கண்ணுக்கு எதிரில் இருக்கிறது, விரலால் தேய்த்தாலே போதும். மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போய்வரும் கிராமத்தில் இந்தச் சோதனை தினசரி நிகழ்ச்சியாகிவிடும் என்பதால், பத்துமுறை அணைத்து, பத்துமுறை போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கீழே ஒரே கோட்டில் தண்ணீர் நின்றால் அந்தக் கோட்டை மார்க்கரால் கண்ணாடியில் குறித்துவிடலாம்.

அதன்பின் நான்கு முதல் ஆறு வாரம் காத்திருப்பு. சிறிது அம்மோனியா ஊட்டி வர, முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் சுழியத்துக்கு வந்த பின்னரே மீன்கள். அதற்குள் நார்ப்பந்துகளில் பழுப்பான, கொஞ்சம் வழுவழுப்பான படலம் ஏறியிருக்கும். அழுக்கு என்று அதைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் ஆறு வார உழைப்பு போய்விடும். துணிப்பையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆவியாகும் தண்ணீர் பம்ப் அறையில் மட்டுமே குறையும் என்பதால், கோடையில் தினமும் அங்கே பார்த்து ஊற்ற வேண்டும். நார்ப்பந்துகளை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, தொட்டியிலிருந்தே எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல அலசி, ஈரம் காயும் முன் திரும்ப வைத்தால் போதும்.