மேடு வருமுன் விழும் கியர்

வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஏரிக்கரை மேட்டில் ஏறும் சத்தத்தைக் கேட்டாலே போதும், ஓட்டுபவரின் கைப்பக்குவம் தெரிந்துவிடும். இன்ஜின் திணறாமலும் அலறாமலும் ஒரே தாளத்தில் உறுமினால் கியர் சரி.

பல இந்திய டிராக்டர்களில் முன்னோக்கி 8 கியர், பின்னோக்கி 2. லிவர்கள் இரண்டு: ஒன்று 1 முதல் 4 வரை மாற்றும், மற்றது ‘ஹை’, ‘லோ’ என்று அந்த நான்கையும் எட்டாக்கும். பழைய வகை கியர்பெட்டியில் ஓட்டத்திலேயே மாற்றப் போனால் பற்கள் உரசிக் கரகரக்கும். பாதி ஏற்றத்தில் கிளட்சை மிதித்துத் தடுமாறினால் வண்டி பின்னால் உருளும். அதனால் நல்ல ஓட்டுநர் மேட்டின் அடியிலேயே நிறுத்தி, பாரத்தையும் சரிவையும் கண்ணால் எடைபோட்டு, தாழ்ந்த கியரைப் போட்டுவிட்டுத்தான் ஏறுவார். அந்த முன்யோசனைதான் இதில் அழகு.

சமதளத்தில் கணக்கு வேறு. இலேசான பாரத்துக்கு உயர்ந்த கியர், குறைந்த ஆக்சிலரேட்டர், டீசல் மிச்சம்.

இறக்கத்தில் இலேசான டிரெய்லரும் குணம் மாறும். தனி பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து டிராக்டரைத் தள்ளும். நியூட்ரலில் உருட்டுவது பேராபத்து. கைதேர்ந்தவர் ஏறிய அதே கியரில், இன்ஜினே வேகத்தைப் பிடித்துவைக்க, நிதானமாக இறங்குவார். இடது, வலது பிரேக் மிதிகளைக் கொக்கி சேர்த்துப் பிடித்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வார்.