எம்மாவு வழியில் வந்த அந்நியர்

உயிர்த்தெழுதல் திருநாளை ஒட்டி எம்மாவு நிகழ்ச்சியை (லூக்கா 24:13-35) விளக்கும் நம் அருளுரைகள், சீடரின் கண்கள் திறக்கப்பட்டதைப் போற்றுகின்றன. அவை எங்கே திறக்கப்பட்டன என்பதை ஆராய்வதில்லை. கிலெயோப்பா தம்முடன் நடந்தவரை அந்நியர் என்றே எண்ணினார். 18ஆம் வசனத்தின் கிரேக்க வினைச்சொல், பிறர் ஊரில் அயலாராய்த் தங்கி வாழ்வதைக் குறிக்கும். அந்த அயலாரை வருந்தி அழைத்துப் (வ. 29) பந்தியிருந்தபோதே சீடர் ஆண்டவரை அறிந்தனர்.

இதனால், அந்நியர் எவரும் கிறிஸ்துவே என்று முடிவு கட்டுவோரும் உளர். லூக்கா அவ்வாறு கூறவில்லை. வேதவாக்கியங்களின் விளக்கம் (வ. 27) பந்திக்கு முன்னரே நிகழ்ந்தது. எனினும், விளக்கத்தைக் கேட்டதோடு சீடர் விடைபெற்றிருப்பின், விளக்கியவர் யாரென அறிந்திரார். வார்த்தையும் பந்தியும் பிரிக்கலாகாதவை என்பதே நம் கருத்து. அறிந்த உடனே அவர் மறைந்துபோனதால் (வ. 31), சீடர் காட்சியைப் பற்றியிராமல் விசுவாசத்தோடு அந்நேரமே எருசலேமுக்குத் திரும்பினர்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இப்பகுதியைப் போதிப்போர் கும்மிடிப்பூண்டியை மறத்தல் தகாது. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் வடமாநிலத்தார் பலர் உழைக்கின்றனர். இலங்கைப் போருக்குத் தப்பி வந்தோர் தலைமுறை கடந்தும் முகாமில் வாழ்கின்றனர். 2021இல் தமிழக அரசு இத்தகைய அகதிகள் முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயரிட்டது. பெயரை அரசு மாற்றலாம். பந்தியில் இடமளிப்பது சபையின் கடன். இவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தி அப்பம் பிட்கும் சபை, உயிர்த்தெழுந்தவரை அறிக்கையிடக்கூடும், அவரை அறிந்துகொள்ளுமோ?