கடாவும் கண்ணீரும்

ஆய்விதழுக்கு வரும் கட்டுரையைத் துறைவல்லார் ஆராய்ந்து ஒப்பிய பின்னரே அச்சேற்றுதல் மேனாட்டு வழக்கென்பர். ஆயின் ஆங்கும் அது நெடுங்காலம் பொது விதியாக இருந்ததில்லை. 'நேச்சர்' இதழ் 1973 ஆம் ஆண்டிலேயே அதனைக் கட்டாயமாக்கிற்று. நூலைப் பிறர்முன் வைத்துத் தகுதி காணும் மரபு தமிழுக்குப் புதிதன்று. அம்மரபில் இருவகை மதிப்பீட்டாளரைக் காண்கிறோம்.

இறையனார் களவியல் உரை பற்றிய கதையில், உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவன் நக்கீரர் உரை கேட்டுக் கண்ணீர் சொரிந்தான். அதுவே மெய்யுரை எனப் புலவர் துணிந்தனர். தொல்காப்பியப் பாயிரத்திற்கு நச்சினார்க்கினியர் கூறும் வரலாறு வேறு. அகத்தியரின் சினத்துக்கு உட்பட்ட நூலை அதங்கோட்டாசான் குற்றங்கூறும் நோக்குடனேயே கேட்டார். தொல்காப்பியரோ அவர் எழுப்பிய கடாக்களுக்கெல்லாம் விடையிறுத்தார். முன்னவன் நடுநிலையாளன், ஆயின் காரணம் கூறான். பின்னவர் நடுநிலையினின்றும் வழுவியவர்; ஆயினும் வினாக்கள் அவையறிய எழுந்தமையின் நூல் பிழைத்தது.

இவ்வேறுபாடு நமக்கு இன்றியமையாதது. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் குளக்கோட்டன் திருப்பணியைக் கலியுகம் 512 ஆம் ஆண்டில் வைக்கிறது. அது கி.மு. 2590 அளவிலாகும். நிலாவெளி, மானாங்கேணி ஆகிய இடங்களிற் கிடைத்த சோழர்காலச் சாசனங்களோ கி.பி. 10, 11 ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. இடையிலுள்ள மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குச் சான்று யாது என வினவாது, அவ்வாண்டினை வரலாறாகவே எழுதுங் கட்டுரையைக் கண்டு கண்ணீர் மல்குவோர் பலர். லிங்கநகர் முதலாய திருகோணமலைக் குடியிருப்புகளில் வாழ்வோர்க்கு வரலாறு ஏட்டளவினதன்று. மண்ணின் உரிமை பற்றிய வழக்கிலும் அது சான்றாக எடுத்தாளப்படுகின்றது. நிறுவவியலா ஓராண்டினைப் பற்றி நிற்பின், கல்லிற் பொறித்த மெய்ச்சான்றும் ஐயத்திற்கு இடமாகும். அன்பால் வினவாதிருத்தல் ஈண்டுத் தீங்காகவே முடியும்.

மதிப்பீட்டாளர் பெயரை மறைத்தல் நடுநிலைக்கு அரணென்பர். ஈழத்துத் தமிழாய்வுலகம் சிறிது. நடை கண்டே ஆசிரியரை அறிவர், குறிப்புக் கண்டே மதிப்பீட்டாளரை அறிவர். ஆகவே மறைப்பு ஒன்றே போதாது. ஏற்பினும் மறுப்பினும் காரணத்தை எழுத்தில் தருதல் வேண்டும். முதன்மையான கடாக்களையும் ஆசிரியர் விடைகளையும் கட்டுரையுடன் சேர்த்தே அச்சிடுதல் நன்று. அங்ஙனஞ் செய்யின், பகைமையால் எழுந்த கடாவும் நூலுக்கு உரமாகும். காரணங் கூறாத பாராட்டு, எத்துணைத் தூயதாயினும், ஊமையின் கண்ணீராகவே நின்றுவிடும்.