பலகை இல்லாத விலக்கு: ஈழத்துத் தீண்டாமை எதிர்ப்பிலக்கியம் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் இலக்கியத்திற் சாதிக் கொடுமையை எதிர்த்தெழுந்த ஆக்கங்கள் பெறும் இடம் யாது என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. அவை சமூக வரலாற்றுக்குச் சான்றாகலாம், ஆயின் இலக்கியமாகா என்பர் ஒருசாரார். பொருளின் பெருமையே ஆக்கத்தின் பெருமை என்பர் மறுசாரார். இரு சாராரும் ஒரே வினாவைத் தவிர்த்துச் செல்கின்றனர் என்பது எமது எண்ணம். யாழ்ப்பாணத்துத் தீண்டாமை எவ்வாறு இயங்கியது, அவ்வியக்கத்தைக் காட்டுதற்கு எழுத்தாளர் எத்தகைய வழியை மேற்கொள்ள வேண்டியிருந்தது என்பதே அவ்வினா. கே. டானியல், என். கே. ரகுநாதன், மஹாகவி ஆகிய மூவரின் ஆக்கங்களைக் கொண்டு இதனை ஈண்டு நோக்குவோம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிசார் உரிமைப் போராட்டம் இந்நோக்கிற்கு ஓர் அளவுகோலாக உதவும். அந்நாட்டின் தென் மாநிலங்களில் இன ஒதுக்கல் சட்டத்தாலேயே நிலைநிறுத்தப்பட்டிருந்தது. ‘பிரித்து வைப்பினும் சமமே’ என்னும் கோட்பாட்டை 1896இல் உயர்நீதிமன்றம் ஏற்றது. பாடசாலைகளைப் பொறுத்தவரை அதே நீதிமன்றம் 1954இல் அதனை நிராகரித்தது. குடிநீர்க் குழாயின் மேலும் புகையிரத நிலையத்தின் தங்கு அறை வாயிலிலும் வெள்ளையர்க்கு இது, ஏனையோர்க்கு அது என்று எழுதிய பலகைகள் தொங்கின. 1960 பெப்ரவரி 1ஆம் திகதி கிறீன்ஸ்பரோ நகரின் உணவுக் கூடமொன்றில் நான்கு மாணவர் அமர்ந்து, எழுந்து செல்ல மறுத்தபோது, அவர்கள் எதிர்த்தது எல்லார் கண்ணுக்கும் புலனாகிய ஒரு விதியையாகும். 1964ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விதியைச் செல்லாதாக்கிற்று.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ச்சிகளின் ஒழுங்கு இதற்கு மாறானது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் 21ஆம் இலக்கச் சட்டம் 1957இலேயே நிறைவேறிவிட்டது. எனினும் அதன் பின்னர் ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி, தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகர் நோக்கிப் புறப்பட வேண்டியிருந்தது. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றிற்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசத்துக்கெதிராக நின்றவர்களுள் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கமும் ஒருவர். சட்டம் ஒருபக்கம் நின்றது. வழக்கம் மறுபக்கம் நின்றது. எந்தத் தேநீர்ச்சாலையிலும் பலகை தொங்கவில்லை. ஆயினும் யார் உள்ளே அமரலாம், யார் வெளியே நின்று புறம்பான பேணியிலோ போத்தலிலோ வாங்கிக் குடிக்கலாம் என்பதை அறியாதார் எவருமிலர். எழுதப்படாத விதியை எழுத்திற் கொண்டுவருதலே ஈழத்து எழுத்தாளரின் முதற் பணியாயிற்று.

அவ்விதி எங்கே உறைந்திருந்தது? கோப்பாயைச் சான்றாகக் கொள்வோம். நகரிலிருந்து பருத்தித்துறை வீதி வழியே செல்வோர் இருபாலை கடந்ததும் கோப்பாயின் செம்மண் தோட்டங்களைக் காண்பர். கிழக்கே உப்பாறு, அதன் நீர் பயிருக்கும் உதவாது, குடிக்கவும் உதவாது. வற்றாத ஆறு எதுவும் இல்லாத குடாநாட்டிற் சுண்ணக்கற் பாறையின் அடியில் தங்கும் மழைநீரே உயிர்நாடி. அந்நீரை எட்டுதற்குக் கிணறு வேண்டும். கிணற்றுக்கு நிலம் வேண்டும். தோட்டக் கிணறு பெரும்பாலும் உறுதியில் எழுதப்பட்ட பங்குச் சொத்து. நிலமில்லாதவன் பங்கில்லாதவன். அவன் வீட்டுப் பெண் குடத்துடன் கிணற்றடிக்குச் சற்று அப்பால் நின்று, அள்ளி வார்ப்பார் வரும்வரை காத்திருப்பாள். அவளைத் தடுத்தற்குப் பலகையோ காவலாளியோ தேவையில்லை. தீட்டு எனும் நம்பிக்கையும் காணியுறுதியும் ஒன்றாய்ப் பின்னிய கயிறே போதும். பொதுவிடங்களை நோக்கிய சட்டம் அக்கயிற்றின் ஓர் இழையையே தொட்டது.

டானியலின் நாவல்களை இப்பகைப்புலத்திலேயே மதிப்பிடல் வேண்டும். 1972இல் வெளிவந்த ‘பஞ்சமர்’ தேநீர்ச்சாலை, ஆலயப் போராட்டங்களைப் பொருளாகக் கொண்டது. பின்னர் எழுந்த ‘அடிமைகள்’ குடிமை முறையையும், ‘கானல்’ மதமாற்றத்தையும், 1987இல் நூலாக வந்த ‘தண்ணீர்’ நீருரிமையையும் ஆராய்வன. யார் எந்தப் படலையால் நுழைவர், யார் தோளில் சால்வை இருக்கலாம், எவர் எவரை எப்படி விளிப்பர் என்பனவற்றை அவர் அடுக்கடுக்காகத் தருகின்றார். இத்தகைய விவரப் பெருக்கு கதையோட்டத்தைத் தடைசெய்கின்றது என்பது அவர்மீது கூறப்படும் குறை. பலகை உள்ள நாட்டிற்கு இக்குறை பொருந்தலாம். பலகை இல்லாத இடத்தில் இவ்விவரங்களே பலகை. வழக்கமென ஊரார் கண்ணிற் படாது போனதை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லிக் காட்டும்போதுதான் அது விதியென்பது புலப்படுகின்றது.

இதனாற் டானியலிடம் குறையில்லை என்பது எமது கருத்தன்று. 1949இல் ஜேம்ஸ் போல்ட்வின் எதிர்ப்பு நாவல்கள் குறித்து ஒரு கட்டுரை எழுதினார். மனிதனை ஒரு வகைமாதிரியாகச் சுருக்கும் எழுத்து, அது எதிர்க்கும் கொடுமையின் நோக்கையே தானும் ஏற்றுக்கொள்கின்றது என்பது அவர் வாதத்தின் சாரம். றிச்சட் றைற்றின் புகழ்பெற்ற நாவலையும் அவர் விட்டுவைக்கவில்லை. இக்கண்டனம் டானியலின் ஒடுக்குவோர் பாத்திரங்களுக்குப் பெரிதும் பொருந்தும். அவர்களுட் பலர் தீமை செய்வதற்கென்றே வந்து போகின்றனர். தாம் நல்லவர் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டு விலக்கைக் காப்பவர் அங்கு அரியர். யாழ்ப்பாணத்து விலக்கு நிலைத்தமைக்கோ அத்தகையோரே பெருங்காரணர்.

அந்த வெற்றிடத்தை நிரப்புவது ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ என்னும் சிறுகதை. மேடையிற் சீர்திருத்தம் பேசும் பெரியவர் ஒருவரைத் தாழ்த்தப்பட்டோர் சிலர் இரவில் வீடு தேடி வருகின்றனர். அவர் சினக்கவில்லை, துரத்தவுமில்லை. நிலவின் அழகைக் காரணங்காட்டி அவர்களை முற்றத்துக்கு அழைத்துச் சென்று பேசுகின்றார். வீட்டினுள் அவர்கள் கால் படவில்லை, உபசாரத்திலும் குறைவில்லை. அடியோ வசையோ இல்லாத இச்சிறுகதை, மரியாதையே மதிலாகும் விதத்தைக் காட்டுகின்றது. இக்கதையைப் படித்து முடித்தவர் தம் வீட்டு முற்றத்தைப் பழைய கண்ணாற் பார்த்தல் அரிது.

விலக்கு மொழியிலும் இயங்கிற்று. 1960களின் தொடக்கத்தில் நடைபெற்ற மரபுப் போராட்டத்தின்போது, பேச்சுவழக்கைக் கையாண்ட புதிய எழுத்தாளரின் ஆக்கங்கள் ‘இழிசனர் இலக்கியம்’ என இகழப்பட்டன. உயர்ந்தோர் வழக்கே வழக்கு என்னும் பழைய இலக்கணக் கொள்கை இவ்விகழ்ச்சிக்கு அரணாக நின்றது. ‘திராவிடப் பிரகாசிகை’ இயற்றிய சபாபதி நாவலரைத் தந்த ஊர் கோப்பாய். அப்புலமை மரபை நாம் மதிக்கின்றோம். ஆயினும் கிணற்றடியில் காத்து நின்றவளின் பேச்சுக்கு அம்மரபில் இடம் இருந்ததில்லை என்பதையும் கூறியாக வேண்டும். டானியலும் டொமினிக் ஜீவாவும் அப்பேச்சை நூலேற்றியமை நடைபற்றிய சோதனை மட்டுமன்று. அதுவும் ஒருவகைப் பிரவேசமே.

மஹாகவியின் ‘தேரும் திங்களும்’ இவ்விரு எழுத்தாளர் காட்டாத மூன்றாவது தளத்தைக் காட்டுகின்றது. மனிதன் சந்திரனை எட்டிய காலத்தில், தேர்வடம் தொட வந்த ஓர் இளைஞன் அடித்து வீழ்த்தப்படுகின்றான். மரியாதை தோற்குமிடத்து வன்முறை வெளிப்படும் என்பதே அக்கவிதை தரும் செய்தி. அது பழங்கதையாயிற்று என்று எண்ணுதற்கில்லை. 2018இல் தென்மராட்சியின் வரணியில் ஆலயத் தேரொன்று மண் அகழும் இயந்திரத்தால் இழுக்கப்பட்டமை பத்திரிகைகளில் வெளிவந்தது. எல்லாச் சாதியினரும் சேர்ந்து வடம் பிடிப்பதைத் தவிர்த்தற்கே இது செய்யப்பட்டதென்ற குற்றச்சாட்டும் எழுந்தது. மஹாகவியின் இளைஞனை அடிக்கக் கைகள் வேண்டியிருந்தன. இயந்திரம் வந்தபின் அக்கைகளும் வேண்டியதில்லை. பலகை இல்லாத விலக்கு தன் கருவியை மாற்றிக்கொள்ளும் ஆற்றலுடையது.

ஆகவே இம்மூவரையும் தனித்தனியே நிறுத்திப் பரிசளிப்பதும் தள்ளிவைப்பதும் போதா. டானியல் விலக்கின் பொருளாதார வேரையும், ரகுநாதன் அதன் நாகரிக முகத்தையும், மஹாகவி அதன் இறுதிப் படைக்கலத்தையும் காட்டினர். கலையழகு என்ற அளவில் ரகுநாதனின் சிறுகதையே முதலிடம் பெறும் என்பது எமது மதிப்பீடு. ஆயின் டானியல் திரட்டித் தந்த விவரங்கள் இன்றேல் அக்கதையின் முற்றம் வெறும் முற்றமாகவே எஞ்சும். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிற் பயின்று தமிழ் கற்பிக்கச் செல்வோர் இவற்றை ஒருங்கே வைத்துப் படித்தல் பயன்தரும். இன்று கோப்பாய்த் தோட்டங்களில் துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பெற்றுவிட்டது. அக்கிணறுகளின் பங்குறுதிகளில் எவர் பெயர் உண்டு, எவர் பெயர் இல்லை என்று தேடிப் பார்க்கும் மாணவன் டானியலை மேலும் தெளிவாக விளங்கிக்கொள்வான்.