தேட்டத்துக்கு இரண்டு வாக்கியம்

சட்டம் தேடவும் எழுதவும் முதலாண்டு மாணவருக்குப் பழக்க, யாழ்ப்பாணத்தில் தேசவழமையைவிட நல்ல பாடம் வேறில்லை. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் ஒல்லாந்த மொழியில் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்பிய வழமை அது. ஆனால் நான் சுவைப்பது பின்னால் வந்த இரண்டு வாக்கியங்களை.

1911இன் கட்டளைச் சட்டம், ‘பின்வருவன தேடியதேட்டம் எனப்படும்’ என்ற போக்கில் தொடங்குகிறது: மணவாழ்க்கையில் கணவனோ மனைவியோ பெறுமதி கொடுத்து வாங்கியவை, அவர்களின் சொத்தில் வந்த இலாபம். 1947இன் 58ஆம் இலக்கத் திருத்தம் இதே இரண்டையும் வைத்துக்கொண்டு தொடக்கத்தைப் புரட்டிவிட்டது: இவை தவிர வேறெதுவும் தேட்டமாகாது. முந்தியது படலை திறந்த வளவு, பிந்தியது வேலி அடைத்த வளவு. போதாததற்கு ஒரு வால்: கொடுத்த பெறுமதி, வாங்கியவரின் தனிச்சொத்தாகவோ அதற்கு ஈடாக வந்ததாகவோ இருக்கக்கூடாது. அந்த ‘ஈடாக வந்தது’ இருக்கிறதே, அதுதான் எழுதியவரின் கைத்திறன். காணி காசாகிக் காசு சரக்கானாலும் சட்டம் அதை அடையாளம் கண்டுவிடும்.

இதைப் பதம் பார்க்கக் காரைநகர் போதும். தெற்கே போய்க் கடை வைத்த ஊரல்லவா! முதுசொமாய் வந்த பனங்காணியை ஒருவர் விற்று, கொழும்பில் கடைக்கு முதல் போடுகிறார். இலாபத்தில் காரைநகரில் வீடு வாங்குகிறார். கடையின் முதல் அவரது தனிச்சொத்து. இலாபமோ இரண்டாம் உருப்படிக்குள் விழுகிறது, வீடு தேடியதேட்டம். ஒரே பனங்காணி, இரண்டு முடிவு. (கொழும்பில் குடியேறியவருக்குத் தேசவழமை செல்லுமா என்று எழும்பும் கெட்டிக்கார மாணவரை 1913இன் ஸ்பென்சர் எதிர் இராஜரத்தினம் வழக்குக்கு அனுப்பிவிடலாம். நியூ லா ரிப்போர்ட்ஸ் 16ஆம் தொகுதி, 321ஆம் பக்கம்.)

1911இன் வாசகத்தோடு நின்றுவிட்ட மாணவர் வேறு விடை எழுதுவார். கடைச் சரக்கும் பெறுமதி கொடுத்து வாங்கியதுதானே, அதுவும் தேட்டம் என்பார். அவர் வாசித்த வரிப்படி அது பிழையுமல்ல. திருத்தம் வந்ததா என்று தேடாததுதான் பிழை. தேடியவருக்கு அடுத்த கணக்குக் காத்திருக்கிறது: முதலும் இலாபமும் ஒரே கொப்பியில் கலந்து கிடந்தால் வீட்டை எதில் சேர்ப்பது?