நிறுத்துவதும் நின்றுவிடுவதும்

பள்ளிக்கூடத்தில் 'நில்' என்கிற வினைச்சொல் படும் பாட்டைப் பற்றி யாராவது தனியாகவே எழுத வேண்டும். தாமதமாக வந்தவனை வெளியே நிற்க வைக்கிறார்கள். வீட்டுப்பாடம் எழுதாதவளைப் பெஞ்சுமேல் நிற்க வைக்கிறார்கள். மார்க் வாங்காதவனை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கிறார்கள். இவையெல்லாம் பிறவினை, செய்கிறவர் யார், யார்மீது செய்யப்படுகிறது என்பது வாக்கியத்திலேயே தெரியும். ஆனால் பையன் பள்ளிக்கே வராமல் போகும்போது மட்டும் வினை சட்டென்று தன்வினையாகிவிடுகிறது: "நின்னுட்டான்." அரசுக் கோப்பில் இதற்குப் பெயர் 'இடைநிற்றல்'. 'இடைநிறுத்தல்' அல்ல என்பது கவனிக்கத்தக்கது. நிறுத்தியவர்கள் வாக்கியத்திலிருந்து நழுவிப் போய்விடுகிறார்கள்.

போத்தனூரில் இந்தச் சொல்லைக் கேட்காமல் ஒரு வாரம் போகாது. "என்ற பையன் ஒம்பதாவதோட நின்னுட்டானுங்க, குறிச்சிப் பக்கம் பவுண்டரிக்குப் போறான்" என்று சொல்கிற தாயின் குரலில், ஏதோ தன் வீட்டுத் தப்பை ஒத்துக்கொள்கிற மாதிரி ஒரு இறக்கம் இருக்கும். இது ரயிலடி ஊர். கடிகார நேரம் இங்கே ரயிலோடு வந்தது, பிறகு கோவை மில்களின் சங்கோடு. பள்ளிக்கூட மணி இந்த இரண்டுக்கும் தம்பி. வருகைப் பதிவேடு அறிவைச் சோதிக்கிற கருவியல்ல, உடம்பு குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிற கருவி. ஆலைக்கும் அதுதான் தேவை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் நிறுத்தி வைக்கவோ வெளியேற்றவோ கூடாதென்றது. 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு வழி திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று ஆணையிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. 2024 டிசம்பரில் மைய அரசு தன் பள்ளிகளில் நிறுத்தி வைப்பதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாட்டின் கல்விக் கொள்கை அதை ஏற்கவில்லை. நான் இந்த விஷயத்தில் தமிழ்நாட்டின் பக்கம்தான். ஆனால் இந்த ஆண்டுகளில் நடந்த சொல்லாடலை மொத்தமாக வாசித்தால் ஒன்று உறுத்துகிறது. 'படிக்காமலே பாஸ் போட்டால் தரம் என்னாவது' என்றவர்களும் சரி, 'பிஞ்சு மனசு தாங்காது' என்றவர்களும் சரி, குழந்தையைப் பற்றிப் பேசினார்களே தவிர குழந்தை பேச ஒரு இடம் வேண்டுமென்று சொன்னவர்கள் அபூர்வம்.

அந்த இடம் சட்டத்தில் இல்லாமலில்லை, வேடிக்கையான ஓரிடத்தில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மீதியில் மூன்றில் ஒரு பங்கு யாருக்கு என்று 2010ஆம் ஆண்டின் மைய விதிகள் சொல்கின்றன: உள்ளூர்க் கல்வியாளர்கள், ஒரு சாய்கோடு, பள்ளிக் குழந்தைகள். யார் என்று தீர்மானிப்பது பெற்றோர். அதாவது குழந்தை ஒரு சாய்கோட்டுக்கு அப்பால் மாற்று ஆளாக உட்கார்ந்திருக்கிறது. கல்வியாளர் கிடைத்துவிட்டால் அது எழுந்து போகலாம். பள்ளியில் தினமும் பல மணி நேரம் இருக்கிறவர் யார் என்ற கேள்வி அந்தச் சாய்கோட்டுக்கடியில் நசுங்கிக் கிடக்கிறது.

சரி, மாணவர் நிர்வாகம் என்று நம்மிடம் வேறென்ன இருக்கிறது? லீடர் இருக்கிறான். வாத்தியார் இல்லாதபோது பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவான், லேட்டாக வந்தவர்களைக் கணக்கெடுப்பான். மில்லில் மேஸ்திரி செய்த வேலை. ஆட்சியின் கை மட்டும் மாணவனுக்குத் தரப்படுகிறது, வாய் தரப்படுவதில்லை. இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் 'மாணவர் பாராளுமன்ற'த்தில் ஒருமுறை பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். சுகாதார மந்திரி, ஒழுக்க மந்திரி எல்லாம் உண்டு. பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றி அழகாகப் பேசினார்கள். ஒரு பெண் எழுந்து, "தண்ணி வர்ற அன்னைக்குப் புடிச்சு வெச்சுட்டு வந்தா லேட் ஆயிருதுங்க மிஸ், அதுக்கும் வெளிய நிக்கோணுமா?" என்றாள். "அது ஸ்கூல் விஷயம், இங்க பேசக்கூடாது கண்ணு" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்தச் சபையில் மிச்சமிருந்தது நாடகம்தான் எனலாம்.

பேசக்கூடிய சபை எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் உண்டு. ஏ.எஸ்.நீல் 1921இல் தொடங்கிய சம்மர்ஹில் பள்ளியில் வகுப்புக்குப் போவது மாணவரின் விருப்பம். பள்ளிக் கூட்டத்தில் சிறுவனுக்கும் ஒரு ஓட்டு, தலைமையாசிரியருக்கும் ஒரு ஓட்டு. 1999இல் பிரிட்டிஷ் அரசு அந்த விருப்ப வருகையையே குற்றமாக்கி நோட்டீஸ் கொடுத்தது. வழக்கு நடந்தது. 2000 மார்ச்சில் அரசு சமரசத்துக்கு இறங்கி வந்தபோது, லண்டன் நீதிமன்ற அறையிலேயே மாணவர்கள் தங்கள் கூட்டத்தைக் கூட்டி, அதை ஏற்கலாமா என்று விவாதித்து ஓட்டுப் போட்டுத்தான் ஏற்றார்கள். கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி அது; அதை அப்படியே போத்தனூருக்குப் பெயர்த்து வர முடியாது என்பதும் உண்மை.

எனக்கு அதைவிட நெருக்கமானது வார்சாவில் யானுஷ் கோர்ச்சாக் நடத்திய யூத அநாதை இல்லம். அங்கே குழந்தைகளே நீதிபதிகள். அவர் எழுதிய சட்டத்தொகுப்பின் விதிகளில் பெரும்பாலானவை மன்னிப்பவை. ஆறு மாதத்தில் ஐந்து முறை தானே அந்த நீதிமன்றத்தின் முன் நின்றதாக அவர் எழுதியிருக்கிறார். அதில் ஒரு குற்றம், ஒரு குழந்தையை மூலையில் நிற்க வைத்தது. நிறுத்தியவர் வாக்கியத்துக்குள் திரும்பி வந்து நிற்கிறார்.

ஃபூக்கோ படித்த நண்பர்கள் சொல்வார்கள்: மாணவர் சபை என்பதே இன்னும் நுட்பமான கண்காணிப்புதான், தண்டனையை மாணவன் கையாலேயே நிறைவேற்றிக்கொள்கிற ஏற்பாடு. நம் லீடரைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. ஆனால் கண்காணிப்பவனைக் கூண்டில் ஏற்ற முடிகிற கண்காணிப்பையும் முடியாததையும் ஒன்றென்று சொன்னால், அந்தக் கோட்பாடு ஸ்டாஃப் ரூமுக்குத்தான் வசதி. வேறொரு ஆட்சேபம் கடினமானது: பிள்ளைகளிடம் விட்டால் பெரியவர்களைவிடக் கடுமையாகத் தண்டிப்பார்கள். தண்டிக்கலாம். பத்து வருஷம் வேறெதையும் பார்க்காதவர்கள், கையில் கிடைத்ததும் அதைத்தானே செய்வார்கள்? கோர்ச்சாக் மன்னிப்பை விதியாக எழுதிக் கொடுத்தது இதனால்தான் என்று தோன்றுகிறது.

2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வரவில்லை. பெயர் பதிவேட்டில் இருந்தது, ஆள் இல்லை. உடனே கிளம்பிய பேச்சு வருகைச் சதவீதம் பற்றியது: எத்தனை நாள் வந்தவனுக்கு ஹால் டிக்கெட் தரலாம்? அந்தப் பதிவேட்டில் 'ஆ' என்று ஓர் எழுத்துக்கு மட்டும் இடமிருக்கிறது. பவுண்டரிக்குப் போன நாள், தண்ணீர் பிடித்த நாள், அடிக்குப் பயந்து ரயில்வே லைன் ஓரமாகச் சுற்றிய நாள் எல்லாம் அதற்குள் ஒரே 'ஆ'தான். அவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் பக்கத்துப் பெஞ்சில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டு, சொன்னதை மேலாண்மைக் குழுவின் தீர்மான நோட்டில் எழுதிவைக்க ஒரு சாய்கோட்டை எடுத்தால் போதும்.